டீச்சரிடம் கேளுங்கள்: கம்பளி போர்த்திய பூ

போன இதழின் சிறுவர் பக்கத்தில் ஒரு சின்னப் படம் போட்டிருந்தோம். கனடாவின் மனிடோபா மாகாணத்துப் புல்வெளியில், வெண்பனி முழுதும் கரைவதற்கு முன்பே தலைநீட்டும் ஊதாப் பூ. பெயர் பாஸ்க் பூ. அங்குள்ளவர்கள் ப்ரேரி குரோக்கஸ் என்பார்கள். படத்துக்குக் கீழே பெயரையும் ஊரையும் தவிர வேறெதுவும் எழுதவில்லை. அதற்கே இத்தனை கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அந்தப் பூவைப் பற்றித்தான். அட்டை கடித்தால் என்ன செய்வது என்று கேட்ட தம்பி, உங்கள் கேள்வி பத்திரமாக இருக்கிறது. அடுத்த இதழில் பதில் வரும்.

"டீச்சர், அந்தப் பூவின் தண்டிலும் மொட்டிலும் முடி முடியாக இருக்கிறதே, அது ஏன்? வெண்பனிக்குள் அது எப்படிச் சாகாமல் இருக்கிறது? எங்கள் தோட்டத்தில் உறைபனி விழுந்தாலே கொழுந்தெல்லாம் கருகிப் போகிறதே!"
– ஆறாம் தர மாணவி, நானுஓயா

மகள், கடைசி வரியில் நீங்களே பாதிப் பதிலைத் தொட்டுவிட்டீர்கள். தை, மாசியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக இருக்கும் இரவுகளில்தான் உங்கள் பக்கம் உறைபனி விழும். பகலில் வாங்கிய சூட்டை நிலமும் இலையும் இரவில் வானத்தை நோக்கி விட்டுவிடும். மூடிப் பிடிக்க மேகம் இல்லை. இலையின் சூடு பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் அதன் மேல் பனிப்பளிங்கு படியும். தேயிலையின் இளங்கொழுந்துக்குப் போர்வை ஒன்றும் கிடையாது. அதனால்தான் அது முதலில் கருகுகிறது.

பாஸ்க் பூவுக்குப் போர்வை உண்டு. மழைக்காலத்தில் உங்கள் அம்மாவோ பாட்டியோ கம்பளி போர்த்திக்கொண்டு மலைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பளி தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தப் பூவின் முடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. தண்டு, மொட்டு, இளம் இலை, பூவின் வெளிப்புறம் என்று எல்லா இடத்திலும் வெள்ளிநிற மெல்லிய முடி அடர்ந்திருக்கும். வெட்டவெளியில் அடிக்கிற குளிர்காற்று தோலை நேராகத் தொட முடியாது.

போர்வை மட்டும் போதாது. வேறு சில ஏற்பாடுகளும் அதற்கு இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

முதலாவது, அது உயரமாக வளர்வதில்லை. பூக்கும் நேரத்தில் பெரும்பாலும் 5 முதல் 15 சென்ரிமீற்றர்தான். காற்று தரையை ஒட்டி வேகம் குறைந்துவிடும். வெயில் பட்ட மண்ணின் சூடும் அங்கேதான் இருக்கும். இரண்டாவது, மொட்டை அது முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தயாராக்கி, மண்ணோடு மண்ணாக வைத்திருக்கும். வெண்பனி விலகியதும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இலைகூட நன்றாக விரிவது பூவுக்குப் பிறகுதான். மூன்றாவது, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தடித்த வேர். மேலே என்ன நடந்தாலும் சேமிப்பு கீழே இருக்கிறது.

நாலாவதைச் சொல்லும்போது வகுப்பில் பிள்ளைகள் எப்போதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பூ சூரியனைப் பார்த்துத் திரும்பும். பகலில் கிண்ணமாக விரிந்து, சூரியன் நகர நகர அதுவும் முகத்தைத் திருப்பும். விழுகிற வெயிலை அதன் உட்புறம் நடுவை நோக்கிச் சேர்ப்பதால், பூவின் நடுப்பகுதி வெளிக்காற்றைவிடச் சில பாகை கூடுதல் சூடாக இருக்கும். குளிரில் பறக்கச் சிரமப்படும் தேனீக்கள் அங்கே வந்து உட்கார்ந்து சூடு காயும். அப்படியே மகரந்தமும் எடுத்துக்கொண்டு போகும். மாலையிலும், மேகம் மூடிய நாளிலும் பூ மூடிக்கொள்ளும்.

"எத்தனை இதழ் என்று எண்ணினேன். ஆறு வந்தது. அண்ணா வேறு படத்தில் ஐந்து என்கிறான். யார் சரி?"
– நான்காம் தர மாணவன், மஸ்கெலியா

இரண்டு பேருமே சரி. ஐந்திலிருந்து ஏழு வரை இருக்கும். ஆனால் அவை இதழ்கள் இல்லை, தம்பி. அல்லி என்று நாம் படிக்கிற இதழ் இந்தப் பூவில் கிடையாது. மொட்டை மூடிக் காக்கும் புல்லிதான் இங்கே நிறம் பெற்று, அல்லியின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. நடுவில் மஞ்சளாகக் குவிந்து தெரிகிறதே, அவை கேசரங்கள். அவற்றை எண்ணப் போகாதீர்கள், நிறைய இருக்கும். அண்ணாவிடமும் சொல்லிவிடுங்கள்.

"நீங்கள் அந்தப் பூவை நேரில் பார்த்திருக்கிறீர்களா?"
– ஒன்பது வயதுச் சிறுமி, ஹாலிஎல

பார்த்திருக்கிறேன் பாப்பா. என் மகள் குடும்பம் வினிப்பெக் நகரத்தில் இருக்கிறது. பேரன் பிறந்த பிறகு அங்கே போனேன். ஏப்ரல் கடைசியில் ஸ்ப்ரூஸ் வூட்ஸ் என்ற மாகாணப் பூங்காவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மணல்மேடும் புல்லுமான இடம். நம்முடைய ஏப்ரல் சீசனில் நுவரெலியா பூங்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? அந்த நினைப்போடுதான் நானும் போனேன். அங்கே புல்லெல்லாம் போன வருடத்துக் காய்ந்த பழுப்பு. புதர்களின் நிழலில் அழுக்கேறிய வெண்பனி இன்னும் கிடந்தது. காற்று காதைக் கடித்தது. மரத்தில் ஓர் இலை இல்லை.

வெயில் படும் தெற்குச் சரிவில்தான் இருந்தன. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு வடக்கே, வெயில் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து வரும். தெற்கைப் பார்த்த சரிவில்தான் முதலில் பனி கரையும். மருமகன் காட்டும்வரை என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு பார்த்தால் காலடியெல்லாம் பூ! ஊதா என்று அச்சில் வருகிறதே, நேரில் அது அதைவிட வெளிறியது. வெயிலுக்கு எதிராக நின்று பார்த்தால் ஒவ்வொரு பூவைச் சுற்றியும் முடி வெள்ளைக் கோடாக ஒளிர்ந்தது. மண்டியிட்டுப் பார்த்தேன், முழங்கால் நனைந்துவிட்டது. ஒரு பூவுக்குள் பெரிய ரோமத் தேனீ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. செத்துவிட்டதோ என்று குனிந்தேன். வயிறு மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பம்பிள் தேனீ என்றார் மருமகன். அந்த இனம் இலங்கையில் இயற்கையாக இல்லை. குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தனியாகத் தூங்கி எழுந்த ராணி அது. எழுந்ததும் சாப்பிட ஏதாவது வேண்டும். அந்த நேரத்தில் அந்த வெளியில் திறந்திருக்கும் பூக்கள் மிகக் கொஞ்சம். முன்கூட்டியே பூப்பதால் பூவுக்கு என்ன லாபம் என்று என்னிடம் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் அன்று கண்ணெதிரே இருந்தது. போட்டியே இல்லாமல் வந்த தேனீயெல்லாம் அதற்குத்தான். உயரமான புல் எழுந்து வெயிலை மறைப்பதற்குள் அது தன் வேலையை முடித்துவிடுகிறது.

இன்னொரு செய்தி, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1906இல் மனிடோபா இந்தப் பூவைத் தன் மாகாணப் பூவாக ஏற்றுக்கொண்டது. எந்தப் பூ வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான் கேட்டார்கள். பிள்ளைகள் இதைத்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா அதற்கு முன்பே, 1903இல், தன் மாநிலப் பூவாக ஏற்றுக்கொண்டிருந்தது. மனிடோபாவில் ஆர்டன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே இந்தப் பூவுக்கு ஆளுயரத்தைவிடப் பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள்.

"இது நம் நாட்டில் எங்கே இருக்கிறது? இல்லையென்றால் இணையத்தில் விதை வாங்கி வீட்டில் நடலாமா? மகள் ஆசைப்படுகிறாள்."
– ஒரு தாய், அப்புத்தளை

நம் நாட்டில் இல்லை அம்மா. விதை வரவழைக்கவும் வேண்டாம். அந்தச் செடிக்கு நீண்ட கடுங்குளிர் வேண்டும். அப்புத்தளைக் குளிர் அதற்குப் போதாது. மண்ணும் நீர் நிற்காத மணல்பாங்காக இருக்க வேண்டும். இடம் மாற்றி நட்டால் அதன் ஆழ்ந்த வேர் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன் சொந்த ஊரிலேயே பிடுங்கிக்கொண்டு போய் நட்டவர்கள் இழந்திருக்கிறார்கள்.

அனுமதியில்லாமல் வெளிநாட்டு விதையைத் தபாலில் எடுப்பது சட்டப்படியும் தவறு. 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். ஹோட்டன் சமவெளிக்குப் போனால், முள் நிறைந்த, மஞ்சள் பூப் பூக்கும் ஒரு புதரைப் பார்க்கலாம். கோர்ஸ் என்பது பெயர். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று அது நம் புல்வெளிக்குள் பரவி, அங்கே இருந்த சின்னச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை வேரோடு பிடுங்கி எடுக்க ஆட்கள் வெயிலிலும் பனியிலும் நிற்கிறார்கள்.

மகளின் ஆசைக்கு என்ன செய்யலாம்? அந்தப் பூவின் உறவினர்களைக் காட்டுங்கள். முதல் உறவினர் உங்கள் சமையலறையில் போத்தலுக்குள் இருக்கலாம். கருஞ்சீரகம் அதே குடும்பம்தான், ரனன்குலேசியே. கருஞ்சீரகப் பூவிலும் நிறம் பெற்று நிற்பவை புல்லிகளே.

இரண்டாவது உறவினர் இன்னும் நெருக்கம். நம் மலைநாட்டிலேயே தானாக வளர்கிறது. அனிமோனி ரிவுலாரிஸ் என்று தாவரவியலில் சொல்வார்கள். நுவரெலியா மாவட்டத்தின் உயர்ந்த, ஈரமான புல்வெளிகளிலும் ஓடைக் கரைகளிலும் இருக்கும். மெலிந்த தண்டு. வெள்ளைப் பூ. பூவின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் நீலச் சாயல். இதற்கும் அல்லி கிடையாது, வெள்ளையாகத் தெரிவது புல்லிதான். இமயமலையிலும் நீலகிரியிலும் இதே செடி இருக்கிறது. அந்த உயரக் குளிர்தேசங்களோடு நம் மலைக்கு இருக்கும் சொந்தத்தை அதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். தேசியப் பூங்காவுக்குள் எந்தப் பூவையும் பறிக்கக் கூடாது. குனிந்து பாருங்கள், போனில் படம் எடுங்கள், அவ்வளவுதான்.

"பூ விஷமா? ஆடு தின்றால்?"
– எட்டாம் தர மாணவன், தலவாக்கலை

ஆமாம். பச்சையாக இருக்கும்போது அதன் சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும். வாயில் போட்டால் வாயும் வயிறும் எரியும். புரோட்டோஅனிமோனின் என்ற பொருள்தான் காரணம். மாடுகள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அனிமோனியையும் அதேபோல வாயில் வைக்காதீர்கள், கசக்கிப் பார்க்காதீர்கள்.

"நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூன்றாம் தரப் பிள்ளைகளுக்கு இந்தப் பூவை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர்கள் வெண்பனியையே பார்த்ததில்லை. வசந்தம் என்றால் என்ன என்பதை எப்படி விளக்குவது?"
– ஆசிரியை, கொட்டகலை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் டீச்சர். மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வசந்தத்தை விளக்குவதில் தொடங்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். நமக்கு வருடம் முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே நீளம். வினிப்பெக்கில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணித்தியாலம்தான், ஜூன் மாதத்தில் பதினாறுக்கும் மேல். இதை வாயால் சொன்னால் மூன்றாம் தரப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நம் பிள்ளைகளுக்குப் பருவம் என்றால் மழைதான். தென்மேற்குப் பருவக்காற்று இறங்கியதும் மலை நிறம் மாறுவது அவர்களுக்குத் தெரியும். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது இரவு எப்படிக் குளிரும், பங்குனிக்குப் பிறகு பிற்பகல் இடிமழை எப்படி வரும் என்பதும் தெரியும். அங்கே காத்திருப்பது மழைக்காக இல்லை, சூட்டுக்காக என்று சொன்னால் போதும். பிடித்துக்கொள்வார்கள்.

நான் செய்தது இப்படி. முதல் நாள் படத்தைக் காட்டி, பெயரைச் சொல்லமாட்டேன். "இது இருக்கிற இடம் சூடா, குளிரா? எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பேன். பிள்ளைகள் முடியைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு பிள்ளை, அது ஸ்வெட்டர் போட்டிருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று, குட்டையாக இருக்கிறது என்று சொல்லும். நாம் வாயை மூடிக்கொண்டு கரும்பலகையில் எழுத வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இதை நான் எத்தனையோ வகுப்புகளில் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் போத்தல் சோதனை. ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் கை பொறுக்கும் சுடுநீர் ஊற்றுங்கள். ஒன்றைப் பஞ்சால் சுற்றி நூலால் கட்டுங்கள். காலைக்கூட்டம் முடிந்து வந்ததும் வெளியே வைத்து, இடைவேளையில் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெப்பமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கையே போதும். அப்புறம் கிண்ணச் சோதனை. தேநீர்ப் பெட்டியின் உள்ளே வரும் வெள்ளித்தாளைக் கிண்ணமாக மடித்து வெயிலைப் பார்த்து வைத்து, விரலை நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் சுள்ளென்று இருந்தால் வித்தியாசம் தெரியும். கிண்ணத்தை மறுபக்கம் திருப்பியும் செய்ய வேண்டும். அப்போதுதான் அந்தப் பூ ஏன் திரும்புகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

மூன்றாம் நாள் வெளியே போங்கள். இதுதான் முக்கியம். பாடசாலைக்குப் பின்னால் ஒரு புல்சரிவு கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழ நூல். அதைத் தரையில் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். நிற்கக் கூடாது, குப்புறப் படுக்க வேண்டும். சீருடை அழுக்காகும் என்று பெற்றோருக்கு முதலே சொல்லி வையுங்கள். கைவில்லை ஒன்று இருந்தால் சுற்றுக்கு விடலாம். எந்த இலையில் முடி இருக்கிறது, எது தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, எது மேகம் வந்ததும் பூவை மூடிக்கொண்டது? கனடாப் பூவிடம் கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். தூரத்துப் பூ நல்லதொரு ஆசிரியர்தான். ஆனால் பிள்ளை தொட்டுப் பார்க்கக்கூடியது காலடியில் இருப்பதை மட்டும்தான்.

சுற்றுலா போக வாய்ப்புக் கிடைத்தால் ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப் போங்கள். 2,100 மீற்றருக்கு மேலே இருக்கும் வெளி அது. ஜென்ஷியானா என்ற குட்டி நீலப்பூ புல்லுக்கடியில் தரையோடு இருக்கும். உட்கார்ந்தால்தான் தெரியும். ஆங்காங்கே தனியாக நிற்கும் செம்பூ மரம், சிங்களத்தில் மஹா ரத்மல் என்பார்கள், அதன் கீழே விழுந்து கிடக்கும் இலையை எடுத்து அடிப்புறத்தைக் காட்டுங்கள். அங்கேயும் முடி இருக்கும். அது ரொடோடென்ட்ரன் இனம். பாஸ்க் பூவுக்குச் சொந்தமே இல்லை. ஆனாலும் குளிருக்கும் காற்றுக்கும் அதே மாதிரி ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பிள்ளைகளின் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள் டீச்சர். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஊதாவும் மஞ்சளும் சேர்ந்த பூ வேண்டுமென்றால் நம் மலைப் புல்வெளிகளில் பினர இருக்கிறது. ஆகஸ்ட், செப்டெம்பரில் பூக்கும். பாஸ்க் பூவின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதெல்லாம் வேறு என்று சொல்லச் சொல்லுங்கள். நிறத்தை விட்டால் ஏறத்தாழ எல்லாமே வேறுதான்.

"எங்கள் இளைஞர் மன்றம் வெறுமனே கிடக்கும் பத்தனையில் (மலைப் புல்வெளியில்) மரம் நடப் போகிறது. புல்வெளிப் பூவைப் பற்றி எழுதியிருந்ததால் உங்களிடம் கேட்கிறேன். இது நல்ல வேலைதானே?"
– இளைஞர் ஒருவர், வெலிமடை

தம்பி, மரம் நட வேண்டும் என்ற உங்கள் மனதை நான் மதிக்கிறேன். நட வேண்டிய இடங்களும் நிறைய இருக்கின்றன. மண் சரிந்து கிடக்கும் தோட்ட ஓரம், ஓடைக்கரை, காடு வெட்டப்பட்டு அப்படியே விடப்பட்ட மேடு. அங்கெல்லாம் நம் நாட்டு மரங்களை நடுங்கள். ஆனால் "வெறுமனே கிடக்கும் பத்தனை" என்ற இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாஸ்க் பூவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். மனிடோபாவின் உயர்புல் வெளியையும் வெறும் நிலம் என்றுதான் நினைத்தார்கள். உழுதார்கள். இன்று அந்த உயர்புல் வெளியில் நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. உழுத நிலத்தில் பாஸ்க் பூ திரும்பி வருவதில்லை. ஏர் தொடாத மேடுகளிலும் மணல் சரிவுகளிலும்தான் இப்போது அது இருக்கிறது. மாகாணக் கொடியில் இல்லாவிட்டாலும் சின்னங்களிலெல்லாம் அந்தப் பூவை வரைகிறார்கள். நிலத்தில் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நம் பக்கமும் இது நடந்ததுதான். 1970களிலும் 80களிலும் ஊவாவிலும் கண்டியைச் சுற்றியும் பத்தனைச் சரிவுகளில் பைன் நட்டார்கள். அந்தப் பைன் காட்டுக்குள் போய் நில்லுங்கள். காலடியில் ஊசியிலை மெத்தையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஒரு பூ, ஒரு வண்ணத்துப்பூச்சி? என் சிறுவயதில் நாங்கள் தாவித் திரிந்த ஒரு சரிவு அப்படித்தான் போனது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எந்தப் பத்தனை ஆதியிலிருந்தே புல்வெளி, எது மனிதன் வைத்த நெருப்பால் உண்டானது என்று நூறு வருடத்துக்கு மேலாக அறிஞர்கள் வாதிடுகிறார்கள். வாதம் எப்படி முடிந்தாலும் சரி, இன்று அங்கே வாழும் செடிகள் வாழும் செடிகள்தான். ஹோட்டன் சமவெளியின் புல்லும் காடும் சதுப்பும் சேர்ந்து பிடித்து வைக்கும் தண்ணீர்தான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகிறது. ஆகவே மண்வெட்டி எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மன்றத்தில் எல்லாரும் சேர்ந்து, மழைக்குப் பிறகு ஒரு முறையும் வறட்சியில் ஒரு முறையும், அந்தப் பத்தனையைத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். என்னென்ன இருக்கிறது என்று படம் எடுங்கள். பேராதனை தேசிய மூலிகையகத்தில் பெயர் கேட்கலாம். அதன் பிறகும் அங்கேதான் நட வேண்டும் என்று தோன்றினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ரேரி என்ற அந்தப் புல்வெளியில் தீ வைத்தால் பாஸ்க் பூ நன்றாகப் பூக்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். காய்ந்த புல் அடையாமல் எரிந்துபோவதால் அந்தச் செடிக்கு வெயில் கிடைப்பது உண்மைதான். அதை வைத்து இங்கே மானாப்புல்லுக்குக் கொளுத்திப் போடாதீர்கள். நம்முடையது செங்குத்துச் சரிவு. எரிந்த மண் அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும்.

"பூ உதிர்ந்த பிறகு என்ன ஆகும்?"
– ஐந்தாம் தர மாணவி, பசறை

நல்ல கேள்வி மகள், மற்ற யாரும் இதைக் கேட்கவில்லை. பூ முடிந்ததும் தண்டு வளரத் தொடங்கும். பூத்தபோது ஒரு சாண் உயரம்கூட இல்லாத செடி, விதைக் காலத்தில் இரண்டு மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். அப்போது சுற்றிலும் புல் எழுந்திருக்கும் அல்லவா? விதையைக் காற்றில் விட வேண்டுமானால் புல்லுக்கு மேலே வர வேண்டும். ஒவ்வொரு விதைக்கும் மெல்லிய முடி வைத்த நீண்ட வால் ஒன்று இருக்கும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். விழுந்த இடத்தில் அந்த வால் ஈரம் பட்டால் அவிழும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கி முறுக்கி விதை மண்ணுக்குள் இறங்கும்.

நம் ஊர் அனிமோனியின் விதையில் அந்த வால் கிடையாது. நுனியில் வளைந்த சிறு கொக்கி மட்டும். ஆனால் முறுக்கும் வாலை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பசறைப் பக்கத்துப் பத்தனையில் நடந்தால் பாவாடையில் குத்தி ஒட்டும் நீண்ட வாலுள்ள புல் விதை இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, விதை முனையைச் சவர்க்காரத் துண்டில் நட்டு நிறுத்துங்கள். முறுக்கிய வாலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் வால் தானாகச் சுழலும். எத்தனை சுற்று என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு வெயிலில் காயவிட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் பாருங்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். ஈரக்காற்று நாளில் வால் ஏற்கெனவே பாதி அவிழ்ந்திருக்கும்.